திரையில் காணும் குருவும் வகுப்பறையில் நிற்கும் ஆசிரியரும்

மாதா, பிதா, குரு, தெய்வம் என்ற வரிசையைப் பிள்ளைகள் பேசத் தொடங்கும் பருவத்திலேயே நாம் சொல்லிக்கொடுத்து விடுகிறோம். தெய்வத்துக்கு முன்னால் குருவை வைத்து வணங்கிய சமுதாயம் நம்முடையது. விஜயதசமி நாளன்று ஆலயத்தில் ஏடு தொடங்க வரும் குழந்தை, ஆசிரியரின் மடியில் அமர்ந்து, தாம்பாளத்தில் பரப்பிய அரிசியில் தன் முதல் எழுத்தை எழுதுகிறது. விரலைப் பிடித்து எழுத வைப்பவர் அந்தக் குழந்தைக்கு முன்பின் அறியாதவராகவும் இருக்கலாம். ஆனாலும் பெற்றோர் தயங்காமல் குழந்தையைக் கொடுக்கிறார்கள். அவர் ஆசிரியர் என்ற ஒன்றே அவர்களுக்குப் போதுமானதாக இருக்கிறது.

இந்த நம்பிக்கை பெரியது. இதைப் போற்றுவது எவ்வளவு அவசியமோ, இதற்குக் காவல் வைப்பதும் அவ்வளவு அவசியம். நமது ஆலயத்தில் நடைபெறும் இலவசப் பிரத்தியேக வகுப்புகள், தேவார வகுப்பு, நடன வகுப்பு ஆகிய அனைத்தும் அன்பர்களின் நன்கொடையால் நடப்பவை. ஆகவே ஆசிரியருக்கும் மாணவருக்கும் இடையே உள்ள உறவையும், அதன் எல்லையையும், அதைத் தகவல் சாதனங்கள் நமக்கு எப்படிக் காட்டி வருகின்றன என்பதையும் இம்மலர் வழியாக உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

முன்னோர் வகுத்த இடைவெளி

பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல் இலக்கண நூல்தான். எனினும் அதன் பாயிரத்தில் ஆசிரியர் எப்படி இருக்க வேண்டும், மாணவர் எப்படிப் பாடம் கேட்க வேண்டும் என்பதெல்லாம் விரிவாகச் சொல்லப்பட்டிருக்கின்றன. நல்லாசிரியருக்கு நிலத்தையும் மலையையும் துலாக்கோலையும் மலரையும் உவமையாகக் கூறும் பவணந்தியார், ஆசிரியராகத் தகாதவரையும் வெளிப்படையாகவே சுட்டுகிறார். ஏறிப் பறிக்க முடியாத மடற்பனை போன்றவர், ஒருவர் நீர் ஊற்ற வேறொருவருக்குக் காய் தரும் முடத்தெங்கு போன்றவர் என்று அவர்களை வகைப்படுத்துகிறார்.

மாணவர் ஆசிரியரிடம் பழகும் முறைக்கு அந்நூல் காட்டும் உவமை நெருப்பு. குளிர்காய்கிறவன் நெருப்பை விட்டு மிகவும் விலகினால் வெப்பம் கிட்டாது. மிகவும் நெருங்கினால் சுட்டுவிடும். அந்த அளவறிந்து நிற்க வேண்டும் என்பது கருத்து. இதை மாணவனுக்குச் சொன்ன அறிவுரை என்றுதான் நாம் படித்து வந்திருக்கிறோம். ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். பத்து வயதுப் பிள்ளைக்கு அளவு தெரியாது. நெருப்பை அடுப்புக்குள் வைத்திருக்கும் பொறுப்பு பெரியவர்களுடையது.

மகாபாரதம் ஆதிபருவத்தில் வரும் கசன் கதையை அன்பர்கள் அறிவீர்கள். சுக்கிராசாரியாரிடம் வித்தை கற்க வந்த கசன், குருவின் மகள் தேவயானி தன்னை மணந்துகொள்ளும்படி கேட்டபோது, குருவின் மகள் தனக்கு உடன்பிறந்தாள் முறை என்று சொல்லி மறுக்கிறான். சாபம் வாங்கிக்கொண்டும் தன் நிலையிலிருந்து அவன் இறங்கவில்லை. கல்வி நடக்கும் இடத்தில் உறவுக்கு ஓர் எல்லை உண்டு என்பதை இக்கதை உணர்த்துகிறது.

அதே ஆதிபருவத்தில்தான் ஏகலைவனும் வருகிறான். துரோணர் அவனுக்கு ஒரு நாளும் பாடம் சொல்லவில்லை. அவருடைய மண் உருவத்தை வைத்துத் தானே பயின்றவனிடம் வலக்கைப் பெருவிரலைத் தட்சணையாகக் கேட்கிறார், அவனும் கொடுத்துவிடுகிறான். இந்தக் கதையைக் குருபக்திக்கு எடுத்துக்காட்டாக நானும் பல ஆண்டுகள் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். ஒரு முறை நான்காம் ஆண்டு மாணவன் ஒருவன், “அவரு அப்படிக் கேட்டது சரியா டீச்சர்?” என்று எழுந்து கேட்டான். நான் அவனை உட்காரச் சொல்லிவிட்டேன். இன்றாக இருந்தால் அன்றைய பாடம் முழுவதையும் அந்தக் கேள்வியைக் கொண்டே நடத்தியிருப்பேன். கொடுத்தவனைப் போற்றிய நாம், கேட்டவரைக் கேள்வி கேட்கப் பழகவில்லை.

திரை தந்த வீர ஆசிரியர்கள்

நம் காலத்தில் புராணக் கதையின் இடத்தைத் திரைப்படமும் தொலைக்காட்சியும் பிடித்துக்கொண்டன. தமிழ்ப் படங்களில் ஆசிரியர் பெரும்பாலும் ஒரு மீட்பராகவே வருகிறார். 1994இல் வெளிவந்த ‘நம்மவர்’ படத்தில் கமல்ஹாசன் சீர்கெட்ட கல்லூரியைத் திருத்தும் வரலாற்றுப் பேராசிரியராக நடித்தார். 2012இல் வந்த ‘சாட்டை’ படத்தில் சமுத்திரக்கனி அரசுப் பள்ளி ஒன்றுக்கு உயிர் கொடுக்கும் ஆசிரியர். 2019இல் வந்த ‘ராட்சசி’ படத்தில் ஜோதிகா தலைமையாசிரியையாக வந்து பள்ளியையே மாற்றிக் காட்டுகிறார். இப்படத்தைப் பார்த்துவிட்டு அன்றைய மலேசியக் கல்வியமைச்சர் மஸ்லி மாலிக் தமது முகநூலில் பாராட்டி எழுதியதை நம்மில் பலர் நினைவில் வைத்திருப்போம்.

இத்தகைய படங்களால் நன்மை உண்டு. அவற்றைப் பார்த்து ஆசிரியப் பணிக்கு வந்தவர்களும் இருக்கிறார்கள். ஆனால் அவை சொல்லாமல் சொல்லும் செய்தி ஒன்றும் இருக்கிறது. நல்லவராக இருந்தால் போதும், விதிமுறைகள் அவருக்குத் தேவையில்லை என்பதே அது. படத்தில் வரும் ஆசிரியர் மாணவர் வீட்டுக்குத் தனியே போவார், அடிப்பார், அணைப்பார், இரவில் காவல் நிற்பார். அவர் நல்லவர் என்பது நமக்கு முதல் காட்சியிலேயே தெரிந்துவிடுவதால் எதையும் தவறாக நினைப்பதில்லை. வாழ்க்கையில் யார் நல்லவர் என்பதைப் பின்னணி இசை வந்து அறிவிப்பதில்லை.

‘மாஸ்டர்’ படம் 2021இல் வெளிவந்தது. அதில் விஜய் ஏற்ற பேராசிரியர் வேடம் சற்று வேறுபட்டது. சீர்திருத்தப் பள்ளிச் சிறுவர் இருவர் அவரிடம் உதவி கேட்டு மன்றாட முயல்கிறார்கள். அவர் மதுவில் கிடப்பதால் அவர்கள் குரல் அவருக்கு எட்டவில்லை, சிறுவர்கள் கொல்லப்படுகிறார்கள். சண்டைக் காட்சிகளை மறந்தாலும் இந்தப் பகுதியை என்னால் மறக்க முடியவில்லை. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

காதலாகவும் நகைச்சுவையாகவும்

அடுத்த வகைப் படங்கள் ஆசிரியர் மாணவர் உறவைக் காதலாகக் காட்டுபவை. 1992இல் பாக்கியராஜ் இயக்கி நடித்த ‘சுந்தர காண்டம்’ படத்தில் மாணவி ஒருத்தி தன் தமிழாசிரியரை விரும்பி விடாமல் தொடர்கிறாள். ஆசிரியர் மறுக்கிறார் என்பது அப்படத்தின் நல்ல அம்சம். ஆனால் அவர் தர்மசங்கடப்படுவதையே நாம் நகைச்சுவையாகக் கண்டு சிரித்தோம். 2015இல் மலையாளத்தில் வந்து தமிழரிடையேயும் புகழ்பெற்ற ‘பிரேமம்’ படத்தில் கல்லூரி மாணவன் தனக்குப் பாடம் நடத்த வரும் விரிவுரையாளரை விரும்புகிறான். அழகான பாடல்களுக்கிடையே ஒரு கேள்வி மறைந்துபோகிறது: அந்த மாணவனுக்கு மதிப்பெண் போடுபவர் யார்?

1983இல் வந்த ‘முந்தானை முடிச்சு’ படத்தை மூன்று தலைமுறையினர் பார்த்திருப்பர். கிராமத்துக்கு வரும் ஆசிரியரை மணக்க விரும்பும் பெண், அவர் தன்னிடம் தகாத முறையில் நடந்துகொண்டார் என்று பஞ்சாயத்தில் பொய்யாகக் கூறுகிறாள். கதைக்கு அது சுவை சேர்த்தது. ஆனால் இத்தகைய கதைகளைப் பார்த்துப் பழகிய நமக்கு, ஒரு பெண்பிள்ளை உண்மையாகவே வந்து சொல்லும்போது “இவள் எதற்காகச் சொல்கிறாளோ” என்ற ஐயம்தான் முதலில் எழுகிறது. பொய்க் குற்றச்சாட்டுகளே இல்லை என்று நான் சொல்லவில்லை. கேட்கும் முன்பே பொய் என்று முடிவு செய்யும் பழக்கத்தைத்தான் சொல்கிறேன்.

ஆசிரியரைக் கொடியவராகக் காட்டும் படங்களிலும் ஒரு குறை இருக்கிறது. 2018இல் வந்த ‘ராட்சசன்’ படத்தில் மாணவிகளிடம் முறைகேடாக நடக்கும் கணித ஆசிரியர் வருகிறார். அவரைக் கண்டதுமே நமக்கு வெறுப்பு வருகிறது. உண்மையில் இத்தகைய தவறு செய்வோர் பலர் இனிமையாகப் பேசுபவர்கள், பெற்றோரிடம் நற்பெயர் எடுத்தவர்கள். அந்த நற்பெயரே அவர்களுக்குக் கவசமாகிவிடுகிறது.

கலை கற்பிக்கும் குருமார்களைப் பற்றியும் ஒரு சொல். 2014இல் வந்த ‘விப்லாஷ்’ என்னும் ஆங்கிலப் படத்தில் இசை ஆசிரியர் மாணவனை அறைகிறார், நாற்காலியை வீசுகிறார், எல்லோர் முன்னிலையிலும் இழிவாகப் பேசுகிறார். இறுதியில் மாணவன் அற்புதமாக வாசிக்கிறான். “கொடுமைப்படுத்தினால்தான் வித்தை வரும்” என்று எண்ணியபடி எழுந்து போகிறவர்கள், அதே ஆசிரியரிடம் முன்பு பயின்ற ஒருவன் தன் உயிரை மாய்த்துக்கொண்டதாக அப்படத்திலேயே சொல்லப்படுவதை மறந்துவிடுகிறார்கள்.

எல்லையை அழகாகக் காட்டிய படமும் உண்டு. 1967இல் வந்த ‘டு சர், வித் லவ்’ படம், இ. ஆர். பிரெய்த்வெய்ட் 1959இல் எழுதிய நூலைத் தழுவியது. லண்டனின் கிழக்குப் பகுதிப் பள்ளியில் சிட்னி பொய்ட்டியர் ஆசிரியராக வருகிறார். மாணவிகளை மரியாதைச் சொல் சேர்த்தே அழைக்கிறார். ஒரு மாணவிக்குத் தம்மீது ஈர்ப்பு ஏற்பட்டதை அறிந்ததும் அவளை ஏளனம் செய்யவில்லை, அதற்கு இடமும் கொடுக்கவில்லை. இறுதியில் அவள் தம்முடன் நடனமாட அழைக்கும்போது, பள்ளியே கூடியிருக்கும் மண்டபத்தில் எல்லோரும் பார்க்க ஆடுகிறார். வெளிச்சத்தில் நடப்பதற்கும் மறைவில் நடப்பதற்கும் உள்ள வேறுபாட்டை அந்த ஒரு காட்சி கற்பிக்கிறது.

அதிகாரம் என்பது எது?

ஆசிரியருக்கு என்ன பெரிய அதிகாரம் என்று சிலர் கேட்கக்கூடும். பிள்ளையின் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும். மதிப்பெண் ஆசிரியர் கையில். வகுப்புத் தலைவர், விளையாட்டுக் குழு, மேடையில் ஆடும் வாய்ப்பு, மேற்படிப்புக்கு வேண்டிய நற்சான்று யாவும் அவர் கையில். வீட்டில் அம்மா அப்பா யாரை நம்புவார்கள் என்பதும் பிள்ளைக்குத் தெரியும். இவ்வளவு ஏற்றத்தாழ்வு இருக்குமிடத்தில் “பிள்ளையும் விரும்பித்தானே பழகியது” என்ற வாதம் நில்லாது. ஒரு மாணவிக்கோ மாணவனுக்கோ ஆசிரியர்மீது ஈர்ப்பு வருவது வயதின் இயல்பு. அதை அறிந்து விலகி நிற்பது ஆசிரியரின் கடமை.

தவறான நோக்கமுடையவர் எடுத்த எடுப்பில் தவறு செய்வதில்லை. தனித்திருக்கும் பிள்ளையை, வீட்டில் கவனிப்புக் குறைந்த பிள்ளையைத் தேர்ந்தெடுப்பார். “நீ மற்றவர்களைப் போல் இல்லை” என்பார். சிறு பரிசு தருவார். இரவில் புலனத்தில் செய்தி அனுப்புவார். “இது நமக்குள் இருக்கட்டும்” என்பார். இரகசியம் ஒன்று உண்டாகிவிட்டால் பிள்ளை தானும் குற்றவாளி என்று நினைத்து வாயை மூடிக்கொள்ளும்.

நான் செய்த பிழை

இதை எழுதுவதா வேண்டாமா என்று பல நாள் யோசித்தேன். 1990களில் ஓர் இடைநிலைப் பள்ளியில் தமிழ் போதித்து வந்தேன். படிவம் மூன்று மாணவி ஒருத்தி, நன்றாகப் படிப்பவள், ஒரு நாள் என்னிடம் வந்தாள். வேறொரு பாட ஆசிரியர் மாலையில் நடத்தும் கூடுதல் வகுப்புக்குத் தான் போகாமல் இருக்க ஏதாவது செய்ய முடியுமா என்று கேட்டாள். காரணம் கேட்டேன். தரையைப் பார்த்துக்கொண்டு “பிடிக்கல டீச்சர்” என்றாள். நான் உடனே, ஆசிரியர் தமது நேரத்தைச் செலவு செய்து சொல்லிக்கொடுக்கும்போது பிடிக்கவில்லை என்று சொல்லலாமா, குருவின் சொல்லைத் தட்டக்கூடாது என்று புத்தி சொல்லி அனுப்பினேன். ஏகலைவனைக்கூடச் சொன்னதாக நினைவு. அந்த ஆண்டு முடியும் முன்பே அவள் பள்ளியை விட்டு நின்றுவிட்டாள். குடும்பக் கஷ்டம் என்றார்கள், நானும் நம்பினேன்.

ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு கும்பாபிஷேகத்தில் அவளைக் கண்டேன். தன் இரு பிள்ளைகளையும் என் காலில் விழுந்து வணங்கச் சொன்னாள். பிள்ளைகள் அன்னதான வரிசைக்குப் போனதும், “அன்னிக்கு நான் அதச் சொல்லத்தான் டீச்சர் உங்ககிட்ட வந்தேன்” என்றாள். வேறு எதுவும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவும் இல்லை. நான் மது அருந்தியிருக்கவில்லை, அலட்சியமாகவும் இருக்கவில்லை. குருபக்தியைப் போதித்துக்கொண்டிருந்தேன். ஆனாலும் அந்தப் படத்தில் வரும் பேராசிரியரைப் போலவே, உதவி கேட்டு வந்த பிள்ளையின் குரல் என் காதில் விழவில்லை. அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அதற்காக என் பிழை சிறிதாகிவிடாது.

சட்டம் என்ன சொல்கிறது?

அந்நாளில் இல்லாத பாதுகாப்பு இன்று நம் நாட்டில் இருக்கிறது. 2017ஆம் ஆண்டில் நடப்புக்கு வந்த சிறார்களுக்கு எதிரான பாலியல் குற்றச் சட்டம், அதாவது சட்டம் 792, பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட அனைவரையும் சிறார் என்கிறது. நட்புப் பாராட்டிச் சிறாரை வலையில் வீழ்த்த முயல்வதும் அச்சட்டப்படி குற்றமே. ஆசிரியர் போன்று நம்பிக்கைக்குரிய நிலையில் இருப்பவர் குற்றம் புரிந்தால், அக்குற்றத்துக்குரிய தண்டனையோடு மேலும் ஐந்தாண்டு வரை சிறையும், இரண்டுக்குக் குறையாத பிரம்படியும் விதிக்க 16ஆம் பிரிவு இடமளிக்கிறது. நம்பிக்கையைப் பயன்படுத்திச் செய்யும் குற்றம் கூடுதல் தண்டனைக்குரியது என்பதே இதன் தத்துவம்.

அன்பர்கள் முக்கியமாக அறிய வேண்டியது 19ஆம் பிரிவு. இத்தகைய குற்றம் நடந்ததை அறிந்தும் தகவல் தராமல் இருப்பவருக்கு 5,000 ரிங்கிட் வரை அபராதம் விதிக்கலாம். ஆகவே “ஆலயத்தின் பெயர் கெட்டுவிடும், நமக்குள் பேசி முடித்துக்கொள்வோம்” என்று சொல்ல எந்த நிர்வாகத்துக்கும் உரிமை கிடையாது.

ஆலய வகுப்புகளில் நாம் கடைப்பிடிப்பவை

நமது செயற்குழுவில் இதுபற்றிப் பேசியபோது தொண்டாசிரியர் சிலர் மனம் வருந்தினர். “எங்கள்மீதே சந்தேகமா?” என்று கேட்டனர். அவர்கள் வருத்தம் நியாயமானது. நான் அவர்களுக்குச் சொன்ன பதில் இதுதான். உண்டியலைத் திறந்து எண்ணும்போது ஒருவரை மட்டும் தனியே உட்கார வைப்பதில்லை. எண்ணுகிறவர் திருடர் என்பதற்காகவா அப்படிச் செய்கிறோம்? அவர்மீது பழி வராமல் இருக்கவும்தானே! காசுக்குச் செய்யும் காவலைப் பிள்ளைகளுக்குச் செய்ய வேண்டாமா? இதைக் கேட்ட பின் அவர்களே விதிகளை வகுக்க உதவினார்கள். அவை வருமாறு:

1. வகுப்பு நடக்கும்போது கதவு திறந்திருக்க வேண்டும். ஒரு பிள்ளையுடன் ஒரு பெரியவர் மட்டும் மூடிய அறையில் இருத்தல் கூடாது.

2. புலனச் செய்திகள் பெற்றோரும் உள்ள குழுவில் மட்டுமே அனுப்பப்படும். பிள்ளைக்குத் தனிச் செய்தி இல்லை.

3. பெற்றோரின் சம்மதமின்றிப் பிள்ளையைத் தனியே வாகனத்தில் ஏற்றிச் செல்லுதல் கூடாது.

4. நடன வகுப்பில் நிலையைத் திருத்தத் தொட வேண்டியிருந்தால் முன்கூட்டிச் சொல்லிவிட்டு, மற்றவர் முன்னிலையில் செய்ய வேண்டும்.

5. அடிப்பதும் இழிவாகப் பேசுவதும் கூடாது.

6. பிள்ளைகள் குறை சொல்ல இருவர் நியமிக்கப்பட்டுள்ளனர். அவர்களில் ஒருவர் பெண். கடுமையான புகாரைக் குழு விசாரித்துக்கொண்டிராமல் உடனே போலீசில் தெரிவிக்கும்.

பெற்றோருக்குச் சில வார்த்தைகள். பிள்ளைகளோடு சேர்ந்து படம் பாருங்கள். “அந்த ஆசிரியர் செய்தது சரியா?” என்று நடுவில் ஒரு கேள்வி கேளுங்கள், பதிலுக்குக் காத்திருங்கள். ஆசிரியருக்கு மரியாதை கொடுக்கச் சொல்லுங்கள். மரியாதை வேறு, எதற்கும் தலையாட்டுவது வேறு என்பதையும் சொல்லுங்கள். “யாராவது இரகசியமாக வைத்திரு என்றால், அதைத்தான் முதலில் என்னிடம் சொல்ல வேண்டும்” என்று பழக்குங்கள். ஒரு பிள்ளை ஒரு வகுப்புக்குப் போக மாட்டேன் என்றால், சோம்பல் என்று முடிவு கட்டும் முன் பக்கத்தில் அமர்ந்து ஏன் என்று ஒருமுறைக்கு இருமுறை கேளுங்கள். வெளியே சொல்ல அஞ்சுவோர் 15999 என்ற தாலியான் காசே எண்ணை எந்நேரமும் அழைக்கலாம்.

தங்கள் வாழ்நாளை மாணவர்களுக்காகவே தேய்த்த ஆசிரியர் எத்தனையோ பேரை நான் அறிவேன். அவர்கள் பெயரால் பெற்ற மதிப்பை ஒரு சிலர் கெடுக்காமல் காப்பதும் குருவுக்கு நாம் செய்யும் வணக்கமே. அடுத்த விஜயதசமிக்கும் குழந்தைகள் வருவார்கள், தாம்பாளத்தில் அரிசி பரப்புவோம். அந்தச் சிறு விரல்களைப் பிடிக்கும் கைகள் தூயனவாக இருக்கவும், அப்பிள்ளைகள் ஏதேனும் சொல்ல வந்தால் நமக்குக் கேட்கும் செவி இருக்கவும் கலைமகளை வேண்டுவோமாக.

அனைவருக்கும் இறையருள் பெருகுக!